ரெண்டு ரிங்கு, ஒரு கும்பிடு, அப்புறம் எங்கப்பா

எங்க வீட்டுல ரெண்டு ரிங் அடிச்சு கட் ஆனா "நல்லபடியா போய்ச் சேந்துட்டேன்"னு அர்த்தம். மூணு ரிங் அடிச்சா "பேசணும், நீ கூப்பிடு". ஒரே ரிங்குல கட் ஆனா அது எங்க சித்தப்பா. அதுக்கு மேல அடிக்க விட்டா எங்க எடுத்துத் தொலைச்சிருவாய்ங்களோன்னு அவருக்குப் பயம்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

ஓடைப்பட்டின்னா தேனி மாவட்டத்துக்காரங்களுக்குத் தெரியும். சின்னமனூருக்குக் கிழக்கே, விதையில்லா திராட்சைக்குப் பேர்போன ஊர். (2023ல புவிசார் குறியீடு வாங்குனது கம்பம் பன்னீர் திராட்சை. அது கருப்பு, கொட்டை உள்ளது, அந்தப் பக்கத்துச் சரக்கு. எங்க பக்கம் வேற. ரெண்டையும் குழப்புனா எங்கப்பாவுக்குக் கோவம் வரும்.) பள்ளத்தாக்குல நெல் போடுற ஊர்களுக்கு பெரியாத்துத் தண்ணி. எங்களுக்கு கிணறும் போரும்தான். அதனால எங்கூர் சம்சாரிங்க ராத்திரி பகல்னு பார்க்காம மோட்டார் ரூமுக்கும் வீட்டுக்கும் நடந்துக்கிட்டே இருப்பாங்க. மும்முனை கரண்டு எப்ப விடுறானோ அப்பதானே தண்ணி?

நான் 2004ல வேலைக்குன்னு சென்னை வந்தேன். அதுக்கு முந்தின வருஷம்தான் செல்போனுக்கு வர்ற காலுக்குக் காசு இல்லைன்னு ஆகியிருந்துச்சு. முதல் சம்பளத்துல அப்பாவுக்கு நோக்கியா 1100 ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அவருக்கு அதுல புடிச்சது போன் இல்ல, டார்ச்சு. மோட்டார் ரூமுக்குப் போற வழியில பாம்பு பாக்க வசதியா இருக்குன்னு ஊர்பூராம் பெருமை பேசுனாரு.

அந்த போன்ல இருந்து தினமும் ராத்திரி ஒம்போது மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். ரெண்டு ரிங்கும் இல்ல, மூணு ரிங்கும் இல்ல. ஒரு நாள் ஒண்ணரை, ஒரு நாள் நாலு. எங்க குடும்பத்து அகராதியில இல்லாத ஒரு கணக்கு. ஆரம்பத்துல அடிச்சுப் பிடிச்சு திருப்பிக் கூப்பிடுவேன்.

"என்னப்பா, கூப்ட்டீங்களா?"

"இல்லையேடா. கை பட்டுருச்சு."

தினமும் கரெக்டா ஒம்போது மணிக்குக் கை படுற அதிசயம்! ஒரு மாசம் போனதுக்கு அப்புறம் நான் கேக்குறதை விட்டுட்டேன். மணியடிக்கும், பார்ப்பேன், சிரிச்சுக்குவேன். சில நாள் நானும் ஒரு மிஸ்டு கால் திருப்பி விடுவேன். அவ்வளவுதான். இப்படியே ஏறக்குறைய பன்னெண்டு வருஷம் ஓடுச்சு. எங்கப்பா எங்கிட்ட மனசு விட்டுப் பேசுனதெல்லாம் அந்த ஒம்போது மணி கை படுறதுலதான்னு இப்ப தோணுது.

பின்னாடி ஒரு நாள் சும்மா மேஞ்சுக்கிட்டு இருந்தப்ப ஜோனதன் டோனர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2007ல எழுதுன கட்டுரை கண்ணுல பட்டுச்சு. ருவாண்டா நாட்டு ஜனங்க மிஸ்டு கால் குடுக்குற சட்டதிட்டங்களைப் பத்தி. அங்க அதுக்கு 'பீப்' பண்றதுன்னு பேராம். மூணு வகையாப் பிரிக்கிறாரு மனுசன். ஒண்ணு, "நீ கூப்பிடு". ரெண்டு, முன்கூட்டியே பேசி வெச்ச சேதி, அதாவது எங்க ரெண்டு ரிங்கு மூணு ரிங்கு சமாச்சாரம். மூணாவது, ஒரு விஷயமும் இல்லாம, சும்மா உறவுக்காக விடுறது. காசு இருக்குறவன்தான் திருப்பிக் கூப்பிடணும்ங்கிற விதியெல்லாம் அங்கயும் உண்டு. ருவாண்டாக்காரனும் ஓடைப்பட்டிக்காரனும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பாய்ங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நான் பொழப்புக்குச் செய்யறது ஸ்க்ரீன் டிசைன். ஆப்ல எந்த பட்டன் எங்க இருக்கணும், அமுக்குனா என்ன ஆகணும்னு வரையுற வேலை. எங்க தொழில்ல மொத நாள்லயே மண்டையில ஏத்தி விடுற பாடம் ஒண்ணு: பாக்குறவனுக்குக் குழப்பமே வரக்கூடாது. அமுக்குனா அமுக்குன மாதிரி தெரியணும், போனா போச்சுன்னு சொல்லணும், நின்னா ஏன் நின்னுச்சுன்னு சொல்லணும். பேங்க் ஆப்புக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் இது நூத்துக்கு நூறு சரி. பணம் போச்சா போகலையான்னு பூடகமா ஒரு ஆப் பதில் சொன்னா நெஞ்சு வலியே வந்துரும்.

ஆனா மனுசனும் மனுசனும் பேசிக்கிறதுக்கும் இதே பாடத்தை வெச்சுக்கிட்டோம் பாருங்க, அங்கதான் எனக்கு உறுத்தல்.

இதை ரொம்ப முன்னாடியே யோசிச்சவங்க இருக்காங்க. வில்லியம் கேவர், ஜேக்கப் பீவர், ஸ்டீவ் பென்ஃபோர்ட்னு மூணு பேர் 2003ல ஒரு மாநாட்டுல கட்டுரை வாசிச்சாங்க. சாரம் இதுதான்: தெளிவில்லாம இருக்குறதை டிசைன்காரன் ஒரு கோளாறா மட்டும் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு முதல். முழுசாச் சொல்லிட்டா கேக்குறவனுக்கு வேலை இல்ல. பாதி சொல்லி நிறுத்துனா மீதியை அவன் தன் மனசுல இருந்து எடுத்து நிரப்பிக்குவான், அப்ப அந்தப் பொருளே அவனோடதா ஆயிரும். இதைப் படிச்சப்போ எனக்குக் காளமேகப்புலவர் ஞாபகம் வந்தாரு. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பா பாடுன ஆளாச்சே. ஆனா யோசிச்சுப் பார்த்தா சிலேடை வேற. அங்க ரெண்டே அர்த்தம், ரெண்டும் புலவருக்குத் தெரியும். எங்கப்பாவோட மிஸ்டு காலுக்கு எத்தனை அர்த்தம்னு அவருக்கே தெரியாது.

இன்னொருத்தர் ஜோசப் கே. ஜோஃபிஷ்னு கூப்பிடுவாங்களாம். 2005 வாக்குல அமெரிக்காவுல, வேற வேற ஊர்ல பிரிஞ்சு இருக்குற ஜோடிங்களுக்கு ஒரு சின்ன விளையாட்டுச் சாமான் பண்ணிக் குடுத்தாரு. கம்ப்யூட்டர் திரையோட மூலையில ஒரு வட்டம். இவ அமுக்குனா அவன் திரையில அந்த வட்டம் செவப்பாகும். நேரம் ஆக ஆக நிறம் மங்கிக்கிட்டே போகும். அவ்வளவுதான், ஒரு எழுத்துகூட கிடையாது! அந்த ஜோடிங்க அதுல கண்டுபிடிச்சுக்கிட்ட அர்த்தமெல்லாம் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்கே காணுச்சு.

அட, இது எங்கப்பா கண்டுபிடிச்சதாச்சே!

இதுல ஒரு தமாஷ் என்னன்னா, எங்கூர்லயே மிஸ்டு காலுக்குத் துல்லியமான அர்த்தமும் ஒண்ணு உண்டு. மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர்னு ஒரு பெட்டி வருது, உள்ள சிம் கார்டு போட்டது. வீட்டுல இருந்துக்கிட்டே ஒரு மிஸ்டு கால் விட்டா தோட்டத்துல மோட்டார் ஓடும், கரண்டு இருக்கா இல்லையான்னுகூட சொல்லும். அப்பாவும் ஒண்ணு மாட்டுனாரு. ஆக, ஒரே போன்ல இருந்து அவரு ரெண்டு மிஸ்டு கால் விடுவாரு. ஒண்ணு மோட்டாருக்கு, ஒண்ணு எனக்கு. மோட்டாருக்கு விட்டதுக்கு ஒரே அர்த்தம்தான், ஓடு இல்லாட்டி நில்லு. எனக்கு விட்டது என்னன்னு நான்தான் ரோசிக்கணும். ரெண்டையும் ஒண்ணாக்கி, மகனையும் மோட்டார் மாதிரி பதில் சொல்ல வெச்சதுதான் பின்னாடி வந்த டிசைன்காரங்க (என்னையும் சேத்துத்தான்) செஞ்ச வேலை.

யாவாரிங்களும் சும்மா விடல. 2010ல பெங்களூர்ல ஜிப்டயல்னு ஒரு கம்பெனி மிஸ்டு காலையே தொழிலாக்குச்சு. 2015 ஜனவரியில ட்விட்டர் அதை வாங்குனுச்சு. 2011ல அன்னா ஹசாரேவுக்கு ஆதரவா மிஸ்டு கால், அப்புறம் கட்சி உறுப்பினராக மிஸ்டு கால்னு எல்லாத்துக்கும் வந்துருச்சு. அப்புறம் 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து பேசுறது ஓசின்னதும் கதை முடிஞ்சுது. பேச்சே ஓசின்னா மிஸ்டு கால் எதுக்கு?

அப்பாவும் கை படுறதை நிறுத்திட்டாரு. பேச ஆரம்பிச்சாரு. பேசுனா என்ன ஆகும்? சண்டைதான்.

அதுக்கு முன்னாடியே, 2014 நவம்பர்ல, வாட்சப்புல நீல டிக் வந்திருந்துச்சு. நல்ல எண்ணத்துலதான் வெச்சிருப்பாங்க. ஆனா அதோட நம்ம ஊர்ல ஒரு பெரிய கலையே செத்துப்போச்சுன்னு நான் நினைக்கிறேன். சாக்குச் சொல்ற கலை. "டவர் இல்லப்பா", "சார்ஜ் போயிருச்சு", "வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்", "போன் சைலண்ட்ல கிடந்துச்சு"... இதெல்லாம் பொய்யா? பாதி பொய்தான். சொல்றவனுக்கும் தெரியும், கேக்குறவனுக்கும் தெரியும். ஆனா அந்தப் பொய் ரெண்டு பேரு மானத்தையும் காப்பாத்திக் குடுத்துச்சு. பால் அயோக்கியும் ஆலிசன் வுட்ரஃபும்னு ரெண்டு பேர் 2005ல இதையேதான் எழுதுனாங்க: ஒருத்தன் ஏன் பதில் சொல்லலைங்கிறதுக்கு அவனா ஒரு கதை சொல்லிக்கிறதுக்கு இடம் விட்டு டிசைன் பண்ணுங்கப்பான்னு. யாரும் காதுல போட்டுக்கிட்ட மாதிரி தெரியல. நீல டிக்கை அணைச்சு வெக்கிற வசதி சீக்கிரமே வந்துச்சு, அது உண்மை. ஆனா அணைச்சவனைப் பார்த்து "எதை மறைக்கிறான்?"னு அதுக்கொரு பேச்சு.

எங்க பக்கம் விசேஷ வீட்டுல மொய் நோட்டு இருக்கும். யாரு வந்தா, எவ்வளவு எழுதுனா, எல்லாம் சுத்தபத்தமா. வருஷம் பத்தானாலும் எடுத்துப் பார்த்து அதே கணக்குல திருப்பிச் செய்வாங்க. அது வேணும், வேணாங்கலை. ஆனா தினம் காலையில "டீ குடிச்சியா"ன்னு கேக்குறதுக்குக்கூட மொய் நோட்டு போட்டா மனுசன் எப்படிங்க குடும்பம் நடத்துறது?

ஆனா ஜனங்க லேசுப்பட்டவங்க இல்ல. எவ்வளவு துல்லியமா செஞ்சு குடுத்தாலும் அதுக்குள்ள ஒரு சந்து கண்டுபிடிச்சு பூடகத்தை உள்ள கொண்டாந்துர்றாங்க.

கும்பிடு படத்தை எடுத்துக்குங்க. ரெண்டு கையும் சேத்து வெச்ச அந்த எமோஜி. 2010ல யூனிகோடு 6.0ல சேத்தப்போ அதுக்கு வெச்ச பேரு 'கைகூப்பிய நபர்'. ரெண்டு பேரு கை தட்டிக்கிறதுன்னு இன்னிக்கும் அடிச்சுச் சொல்ற வெளிநாட்டுக்காரங்க உண்டு. நம்ம குடும்ப குரூப்புல அதுக்கு எத்தனை அர்த்தம்? வணக்கம், நன்றி, மன்னிச்சுக்க, ஆழ்ந்த இரங்கல், சாமியே சரணம், "யப்பா சாமி ஆளை விடு". எங்க பெரிய குரூப்புல ஒரு தடவை ஒரு தம்பி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா கேட்டுட்டான்: "தாத்தா வீட்டுப் பாகம் எப்பப் பிரிக்கிறது?" நாப்பது பேரு பார்த்தாச்சு, ஒருத்தரும் வாயைத் திறக்கல. அரை மணி கழிச்சு பெரியப்பா ஒரே ஒரு கும்பிடு போட்டாரு.

சரின்னு சொல்றாருன்னு தம்பி எடுத்துக்கிட்டான். வேணாம்டான்னு கெஞ்சுறாருன்னு அத்தை. இதை இங்க பேசாதீங்கன்னு சொல்றாருன்னு எங்கம்மா. கை தவறிப் பட்டிருக்கும்னு அப்பா (அவரு வேற என்ன சொல்லுவாரு?). நாலு பேரு நாலு விதமா எடுத்துக்கிட்டதால அந்த குரூப்பு இன்னிக்கும் உசுரோட இருக்கு. பெரியப்பா மட்டும் அன்னிக்கு ஒரு தெளிவான வாக்கியம் எழுதியிருந்தாருன்னா, அத்தோட ரெண்டு குரூப்பா ஆயிருப்போம்.

இப்ப எங்கப்பா கதைக்கு வர்றேன்.

போன வருஷம் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போர்ல தண்ணி கீழ போயிருச்சு, கொத்து விடுற நேரத்துல மழை புடிச்சு ஒரு அறுப்பு பாதிக்கும் மேல வீணாயிருந்துச்சு. ராத்திரி திண்ணையில உக்காந்து நான் ஆரம்பிச்சேன். பந்தல் கம்பி, கல்லுக்கால், மருந்து, ஆள் கூலின்னு ஒண்ணொண்ணா கூட்டி, "கணக்குப் பார்த்தா நட்டம்தான்பா. வித்துட்டு எங்கூட வந்துருங்க"ன்னு சொன்னேன். எனக்கு அது பாசம்.

அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு:

"கணக்குப் பாத்தா நீயும் நட்டம்தான்டா."

நானும் பதிலுக்கு என்னென்னவோ சொல்லிட்டேன். அதையெல்லாம் இங்க எழுத முடியாது. காலையில மொத பஸ்ஸுக்கே கிளம்பிட்டேன்.

அதுக்கப்புறம் பதினாலு மாசம் பேச்சு இல்ல. அம்மா பேசும். பின்னாடி அவரு இருமுறது கேக்கும். "அப்பா எப்படி இருக்காரு?"ன்னா "இருக்காரு"ன்னு அம்மா சொல்லும். அதுல எந்தப் பூடகமும் கிடையாது. மூடுன கதவு.

அந்தச் சமயத்துலதான் நான் வாட்சப்புல ஸ்டேட்டஸ் வெக்க ஆரம்பிச்சேன். எனக்கு அது புடிக்காத சமாச்சாரம். ஆனா சென்னை வீட்டு பால்கனியில ஒரு தொட்டியில திராட்சைக் குச்சி ஒண்ணு நட்டு வெச்சிருந்தேன். ஊர்ல இருந்து எப்பவோ ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்தது. அது துளிர் விட்டுச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். ஊருக்கே போட்ட மாதிரி இருக்கும். ஆனா யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும்.

இதுக்கு நம்ம ஊர்ல பேரு இருக்கு. ஜாடை பேசுறது. மருமக காதுல விழட்டும்னு மாமியார் கோழியைத் திட்டுற அதே டெக்னிக். தொல்காப்பியத்துலயே 'முன்னிலைப் புறமொழி'ன்னு இருக்கு, எதிர்ல இருக்குறவனுக்கே சொல்றதை வேற யாருக்கோ சொல்ற மாதிரி சொல்றது. 2017ல ஸ்டேட்டஸை இந்த மாதிரி இருவத்திநாலு மணி நேரப் படமா மாத்தி விட்டவங்களுக்கு, ரெண்டாயிரம் வருஷத்து ஜாடைக்கு ஒரு இயந்திரம் செஞ்சு குடுக்குறோம்னு தெரிஞ்சிருக்க நியாயமில்லை.

பார்த்தவங்க பட்டியல்ல பத்தே நிமிஷத்துல அப்பா பேரு!

அடுத்த நாளும் போட்டேன். அடுத்த நாளும் வந்தாரு. ஒரு வார்த்தை எழுதல, ஒரு கும்பிடுகூட போடல. பேரு மட்டும். சில நாள் காலையில நாலரை மணிக்கு, கரண்டு வர்ற நேரத்துக்கு. புரிஞ்சுபோச்சு எனக்கு, ஒம்போது மணி கை படுறது வேற வேஷம் கட்டி வந்துருச்சுன்னு. ஒரு மாசத்துல அவரும் படம் போட ஆரம்பிச்சாரு. கவாத்து பண்ணுன கொடி, பூ எடுத்த கொத்து, அறுத்து அட்டைப்பெட்டியில அடுக்குனது. எல்லாப் படத்துலயும் ஓரத்துல அவரு கட்டைவிரல் மங்கலாத் தெரியும். நான் பார்ப்பேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் பேசிக்கல, ஆனா பேசாமலும் இல்ல. வீம்பும் போகல, உறவும் போகல. நேரா "மன்னிச்சுக்கப்பா"ன்னு டைப் பண்ணி அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நீல டிக் விழும். பதில் வராது. அப்புறம் நான் என்ன செய்வேன்?

இதெல்லாம் கேட்டுட்டு பூடகம்னா உசத்தி, தெளிவுன்னா மட்டம்னு எடுத்துக்காதீங்க. எனக்கே ஒரு சூடு பட்டிருக்கு.

2011ல ஒரு ராத்திரி ஒம்போதேகாலுக்கு அப்பா மிஸ்டு கால் வந்துச்சு. வழக்கமான கை படுறதுன்னு பார்த்து சிரிச்சுட்டு படுத்துட்டேன். அன்னிக்கு அது கை பட்டது இல்ல. அம்மாவுக்கு நெஞ்சு வலி. போன்ல காசு இல்ல. பேச முடியாம, நான் திருப்பிக் கூப்பிடுவேன்னு அவரு மோட்டார் ரூம் வாசல்ல போனைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்காரு. பக்கத்து வீட்டுப் பையன் வண்டி எடுத்து சின்னமனூர் கொண்டு போய்ச் சேத்தான். அம்மா பொழைச்சிருச்சு. காலையில தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா அதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்கு வரைக்கும். கேட்டிருந்தா தேவலை.

அதனால ஆபீஸ்ல வயசானவங்களுக்கு ஒரு ஆப் வரையுற வேலை வந்தப்போ நான் ரெண்டு மனசா இருந்தேன். ஊர்ல இருக்குற அப்பா அம்மா போனைக் கடைசியா எத்தனை மணிக்குத் தொட்டாங்கன்னு வெளியூர்ல இருக்குற பிள்ளைக்கு நிமிஷக் கணக்குல காட்டணும்னு கேட்டாங்க. ஆபத்துன்னா அலறுற பட்டன் ஒண்ணு தனியா வைப்போம், அதுல ஒரு குழப்பமும் வேணாம், மிச்ச நேரத்துக்கு ஒரு விளக்கு மட்டும் எரியட்டும்னு சொல்லிப் பார்த்தேன். 2001ல ஜப்பான்ல சோஜிருஷி கம்பெனி விட்ட கெட்டிலை உதாரணம் காட்டுனேன். வயசான அம்மா வெந்நீர் புடிச்சா தூரத்துல இருக்குற மகனுக்கு சேதி போகும். "நல்லா இருக்கியா"ன்னு கேக்க வேணாம், அம்மா டீ போட்டாச்சுன்னு தெரிஞ்சா போதும். எல்லாரும் நல்லா இருக்குன்னு தலையாட்டுனாங்க. நிமிஷக் கணக்குதான் வந்துச்சு.

சரி, பட்டியலுக்கு வருவோம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாக்கிழமை அப்பா பேரு பட்டியல்ல இல்ல. டவர் இருக்காதுன்னு விட்டேன். புதன்கிழமை இல்ல. வியாழக்கிழமை வேணும்னே நல்ல படமா போட்டேன், இல்ல. அம்மாவுக்குப் போன் போட்டா வழக்கம்போல "இருக்காரு". பின்னாடி இருமலும் கேக்குது. அப்ப ஆளு நல்லாத்தான் இருக்காரு. என்னைப் பாக்குறதை நிறுத்திட்டாரு. அப்படித்தானே எடுத்துக்க முடியும்? பதினாலு மாசமா பேசாததுக்கு வராத பயம் அந்த மூணு நாள்ல வந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒம்போது மணிக்கு நானே கூப்ட்டேன்.

"அலோ."

"நாந்தான்பா."

"தெரியுது. பேரு வருதுல்ல."

பின்னாடி மோட்டார் சத்தம்.

"என்னாடா?"

"சும்மாதான்."

"ம்."

அந்த 'சும்மா'வை எந்த மொழியில பெயர்க்குறதுன்னு எனக்குத் தெரியல. அவருக்குப் பெயர்க்க வேண்டிய தேவையும் இல்ல. கொஞ்ச நேரம் மோட்டார் மட்டும் ஓடுச்சு. நான்தான் தாங்க மாட்டாம கேட்டேன்.

"நான் போடுற படமெல்லாம் பாக்குறதில்லையாப்பா?"

"பாக்காம? உஞ்செடியில சாம்பல் விழுந்துருக்கு. எலை சுருளுது பாரு. கந்தகத்தூள் தூவணும்டா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டாத்தானே." அப்புறம் கொஞ்சம் குரல் எறங்கி, "நீதான் நான் போடுறத பாக்குறதில்ல. நாலு நாளா பேரே காங்கல"ன்னாரு.

"நான் தினமும் பாக்குறேம்ப்பா!"

"எங்கிட்டுப் பாத்த? ஒருத்தன் பேரும் வரமாட்டேங்குது."

அப்புறம் தோண்டித் துருவிக் கேட்டா விஷயம் இதுதான். கேரளாவுல இருந்து வர்ற திராட்சை யாவாரி ஒருத்தரு தினமும் வாட்சப்புல விலை அனுப்புவாராம். அப்பா பார்த்துட்டு, பேசாம ரெண்டு நாள் விட்டுப் புடிப்பாரு. சந்தையில துண்டைப் போட்டு மூடி விரலைப் புடிச்சு மாட்டுக்கு விலை பேசுன பரம்பரை. ஆனா நீல டிக் காட்டிக் குடுத்துருது. "பாத்துட்டுப் பேசாம இருக்கீங்களே"ன்னு யாவாரி கேட்டிருக்காரு. மானக்கேடாப் போச்சு. தம்பி மகன்கிட்ட சொல்லி நீல டிக்கை அணைக்கச் சொல்லியிருக்காரு. அதை அணைச்சா ஸ்டேட்டஸ் பார்த்தது யாருன்னு தெரியுறதும் சேந்தே போயிரும், ரெண்டு பக்கமும். இது டிசைன்காரனான எனக்கே அப்ப ஞாபகத்துக்கு வரல. அவரு என் பட்டியல்ல இல்ல, நான் அவரு பட்டியல்ல இல்ல. ரெண்டு பேரும் நாலு நாளா தனித்தனியா உக்காந்து, அவன் விட்டுட்டான், அவரு விட்டுட்டாருன்னு ரோசிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

விளக்கிச் சொன்னேன். "திருப்பிப் போடச் சொல்லவாப்பா? பேரு தெரியும்"னு கேட்டேன்.

"வேணாம், இருக்கட்டும். அந்தாளு இன்னும் விலை ஏத்தல. சரி வெய்யி, கரண்டு போயிரும்."

தோட்டத்தை விக்கிறதைப் பத்தி அவரு பேசல, நானும் கேக்கல. அது அப்படியேதான் நிக்குது. போன ஞாயித்துக்கிழமை நர்சரியில கந்தகத்தூள் ஒரு பொட்டலம் வாங்கியாந்து தூவுனேன். சாயங்காலம் படம் எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். ஓரத்துல என் கட்டைவிரலும் விழுந்துருந்துச்சு, எடுத்துட்டு வேற போடலாம்னு நினைச்சு அப்படியே விட்டுட்டேன். இருவத்தேழு பேரு பார்த்திருந்தாங்க. அப்பா பார்த்தாரான்னு தெரியாது.